இடது கை தொட்ட அத்தி

ஜொகராவின் கடையில் அத்திக் குவியலைத் தொட்டதும் சொர்ணத்தாயின் வலது கை நகங்கள் ஐந்தும் ஊதாவாக மாறின. மதுரை உலர்பழச் சந்தையில் நஞ்சுநகத்துக்கு மேல் சாட்சி கிடையாது. சரக்கைச் சோதிக்க நகத்தில் பூசும் மெல்லிய படலம் அது. ஈரலைத் தின்னும் பூஞ்சை நஞ்சு பட்டால் அரை நிமிடத்தில் நிறம் ஏறும். பிறகு பழத்துக்குப் போக்கிடம் எரிகூடம்தான். ஜொகராவின் சரக்கு இரண்டு முறை சாம்பலாகிவிட்டது. இந்த அத்தியும் போனால் கடை உரிமம் ரத்து.

“போன மாசம் பக்கத்துக் கடை, இப்ப நீ. நான் கிளம்புறேன்,” என்றாள் சொர்ணத்தாய். மேலூரில் சில்லறைக் கடை வைத்திருப்பவள்.

“இருங்கக்கா. நானே பிளந்து பாத்த பழம். உள்ள பாகு மாதிரி இருந்துச்சு.”

“நகம் கண்ணாலயா பாக்குது? பட்டதைச் சொல்லுது.”

வேறு எது பட்டது? ஜொகரா யோசித்தாள். சந்தை வழக்கப்படி, பிறருக்குத் தெரியாமல் துண்டுக்கு அடியில் வலது கை விரல் பிடித்து விலை பேசுவார்கள். பேசிய கையோடு சரக்கைத் தொடுவார்கள்; சொர்ணத்தாயும் அப்படித்தான் தொட்டாள். கடைக்காரர் தோளில் கிடக்கும் அது ராசித் துண்டு. துவைத்தால் ராசி போய்விடும் என்று எந்தக் கடையிலும் துவைப்பதில்லை. சொத்தைப் பழம் பொறுக்கிய கையை மட்டும் அதில் தாராளமாகத் துடைப்பார்கள்.

“இடது கையால தொடுங்கக்கா.”

“வியாபாரத்துல இடது கையா? விளங்குமாடி?”

“எரியப்போற சரக்குக்கு இனி என்ன விளங்கணும்?”

சொர்ணத்தாய் சிரித்துக்கொண்டே பழக்குவியலில் இடது கையை விட்டாள். ஒரு நிமிடம் ஆயிற்று. நகங்கள் வெளுப்பாகவே இருந்தன. ஜொகரா நஞ்சுநகம் பூசிய தன் இடது சுண்டுவிரலைத் துண்டில் வைத்தாள். கத்தரிக்காய் நிறம் ஏறியது.

நல்ல பழத்தை எரித்துவிட்டு, நஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது சந்தை. ஜொகரா துண்டை இடுக்கியால் தூக்கி எரிகூடத்தில் போட்டாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

“சரி, விலையைக் காதுல சொல்லு,” என்றாள் சொர்ணத்தாய்.

“காதுல பேசினா எதையோ மறைக்கிறோம்னு நினைப்பாங்கக்கா.” ஜொகரா குரலை உயர்த்தினாள். “கிலோ அறுநூறு.”

கூட்டத்திலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். “ஏன் சொர்ணம், மேலூர்ல இதே அத்திக்கு எங்கிட்ட ஆயிரத்து இருநூறு வாங்கினியே? ஜொகராம்மா, எனக்கு ரெண்டு கிலோ போடுங்க.” அவளுக்குப் பின்னால் பைகள் நீண்டன. ஜொகராவுக்கு நிறுத்துப் போடக் கை போதவில்லை.

சொர்ணத்தாய் ஜொகராவின் பக்கம் குனிந்தாள்.

“அவசரப்பட்டுட்டியேடி. துண்டை எரிக்கிறதுக்கு முன்னாடி, ஒரு புதுத் துண்டு வாங்கியிருக்கலாம்ல?”