கழற்றிப் போட்ட லாரி

அறுபத்தைந்தாம் வருஷம், ஒரு பங்குனி மதியம். அடிபட்ட லாரி ஒன்றை இன்னொரு லாரி இழுத்துக்கொண்டு வந்து, நாமக்கல்லில் உபகாரசாமியின் பட்டறையில் விட்டுப் போயிற்று. தொப்பூர் இறக்கத்தில் புளியமரத்தில் மோதிய வண்டி. முன்பக்கம் நசுங்கியிருந்தது, சீட்டில் ரத்தம் கறுத்திருந்தது, கிட்டே போனால் டீசலோடு வேறொரு வாடையும் வந்தது. இனி ஓடாது, பிரித்து விற்றுவிடு என்று லாரி முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். உபகாரசாமி பிரிக்காத வண்டியா?

ஆனால் இந்த வண்டிக்குக் கடைசியாக வேலை பார்த்தவனும் அவன்தான். பிரேக் பெடலைக் கம்பியோடு சேர்க்கிற இடத்தில், கழன்றுவிடாமல் பிடிக்கிற ஸ்பிளிட் பின் போட வேண்டும். கைவசம் இல்லை. ஒரு ஆணியை வளைத்துச் செருகினான். சேலத்திலிருந்து சாமான் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவன், அடுத்த வண்டி வந்ததும் மறந்தே போனான். டிரைவர் நாச்சிமுத்து செத்தான். மரத்தடியில் நின்ற ஒரு ஆளும் செத்தான். டிரைவர் தூங்கிவிட்டான் என்று ஊரே முடிவு கட்டியபோது உபகாரசாமி வாயைத் திறக்கவில்லை. வண்டி வந்ததும் முதல் வேலையாகக் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தான். ஆணி இல்லை.

சாயங்காலம் சத்தம் ஆரம்பித்தது.

டக். டக். டக்.

பிடிப்பில்லாத பெடல் தகரத்தில் இடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தால் கேபினில் யாரும் இல்லை, பெடலும் அசையவில்லை. கூட வேலை பார்க்கும் ராசுவோ தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றான்.

பெடலைக் கழற்றினான். மறுநாளும் வந்தது. தகரத்தை வெட்டி எடுத்தான். அப்போதும் வந்தது. என்ஜின் கரூருக்குப் போயிற்று, கியர்பாக்ஸ் ராசிபுரத்துக்கு. சக்கரங்கள் ஆளுக்கொரு திசை. ஒவ்வொன்றும் போகும்போது இதில்தான் இருந்தது, இதோடு போயிற்று என்று நினைத்துக்கொள்வான். எதிலுமே அது இல்லை. மூன்றாவது வாரம் அடிச்சட்டமான சேஸிஸும் போய்விட, தரையில் ஆயில் கறை மட்டும் மிஞ்சியது.

அந்தக் கறைக்கு மேலே, வெறும் காற்றில்,

டக். டக். டக்.

உபகாரசாமிக்குச் சோறு இறங்கவில்லை. பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய மாதா கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றான். தன் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிட்டான்.

நாச்சிமுத்துவின் மனைவி கந்தம்மாள் தினமும் வந்தாள். புருஷனும் பெண்டாட்டியும் போன வருஷம்தான் ரங்கூனிலிருந்து கப்பலேறி எருமப்பட்டிக்குத் திரும்பியவர்கள். வண்டி இருந்தவரை அதன் கதவைத் தொட்டுக்கொண்டு நிற்பாள். இப்போது கறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தூங்கிக் கொன்றவன் பெண்டாட்டி என்று ஊர் பேசுகிறதாம். அவர் குரல் ஒருதரம் காதில் விழுந்தால், தூங்கினாரா என்று அவரிடமே கேட்டுவிடலாம் என்றுதான் வருகிறாளாம். ஒன்றுமே விழவில்லை என்று அவள் சொன்னபோது, அவள் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி அது இடித்துக்கொண்டிருந்தது.

பேய் என்று ஒன்று உண்டா என்று அவளிடமே மெல்லக் கேட்டான்.

"ரங்கூன்ல எங்க ஊட்டுக்குப் பக்கத்துல புத்த மடமுங்க," என்றாள். "அங்கிருந்த சாமியாரு சொல்லுவாரு, எதுவுமே தானா நிக்கறதில்லைன்னு. ஒண்ணைப் புடிச்சு ஒண்ணு நிக்குது. புடிச்சிருக்கறது போயிட்டா அதுவும் இல்லீங்க. மனுசனும் அப்படித்தான், பேயும் அப்படித்தான்."

"எல்லாத்தையும் கழட்டிட்டேன் அம்மிணி. இன்னும் நிக்குது."

"அப்ப நீங்க கழட்டாதது ஒண்ணு இருக்குதுங்க மேஸ்திரி."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவனுக்குச் சட்டென்று விளங்கியது. லாரி நாலு ஊருக்குப் போய்விட்டது. ஆணியைப் பற்றித் தெரிந்தவன் இங்கேயே நிற்கிறான். அது அவனைப் பிடித்துத்தான் நிற்கிறது.

சொல்லிவிட்டான். ஆணியை வளைத்தது, மறந்தது, மறைத்தது, எல்லாம். நாச்சிமுத்து தூங்கவில்லை, இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வந்திருக்கிறான் என்று சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்கே எருமப்பட்டிக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொல்வதாகச் சத்தியம் செய்தான். கந்தம்மாள் அழவுமில்லை, ஏசவுமில்லை.

சத்தம் நின்றது.

ரோட்டில் போகிற மாட்டுவண்டியின் அச்சு கிறீச்சிடுவதும், பக்கத்துப் பட்டறையில் யாரோ தண்ணீர் மொள்வதும் கேட்டன. மூன்று வாரத்துக்குப் பிறகு உபகாரசாமி நிம்மதியாக மூச்சு விட்டான்.

கந்தம்மாள் தலையைச் சாய்த்தாள்.

அவள் காதில் ஏதோ விழுந்திருந்தது.

மெதுவாக முன்னால் குனிந்து, கறைக்கு மேலே காற்றில் இரண்டு கைகளையும் கோத்து இறுக்கிக்கொண்டாள், ஒரு காலைக் கட்டிப் பிடித்து நிறுத்துகிறவள் போல.

"போதுமுங்க," என்று கெஞ்சினாள். "உங்க மேல தப்பில்லீங்க. மிதிச்சது போதுமுங்க."

உபகாரசாமி காதைக் கொடுத்துக் கேட்டான். அவனுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. கோத்த அவள் கைகளை மட்டும் ஏதோ ஒன்று தரைவரை இழுத்துப் போயிற்று, மேலே கொண்டு வந்தது, மறுபடியும் இழுத்துப் போயிற்று.