பாதிப் படுக்கை

படுக்கை சூடாக இருந்தது.

இரவெல்லாம் நகரத்து அலுவலகங்களில் குப்பைக்கூடை கொட்டி, கழிவறை தேய்த்து, ஜூலை மாதத்துக் காலைக் குளிரில் விறைத்த விரல்களோடு வந்த ரோஜினா, போர்வைக்குள் கையை நுழைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன சூடு. தலையணையில் தலை அழுந்திய பள்ளம்கூட நிரம்பாமல் இருந்தது. அந்த அறையில் வெயில் விழாது, ஹீட்டர் கிடையாது. இரவுகளில் அந்தப் படுக்கையில் தூங்கும் பெமா செத்துப்போய், அவள் உடல் காத்மாண்டுவுக்கு விமானம் ஏறியும் ஆகிவிட்டது.

ஒரு கட்டில், இரண்டு பேர். இரவு பெமாவுக்கு, பகல் ரோஜினாவுக்கு. சிட்னியில் யுனிவர்சிடி பக்கத்தில் இடம் தேடுவது பெண்ணுக்கு வரன் தேடுவதைவிடக் கேவலமான பிழைப்பு. வரன் தேடினால் காபியாவது கொடுப்பார்கள். கிங்ஸ்ஃபர்டில் பால்கனியைப் பலகை வைத்து அடைத்து, அதை அறை என்று காட்டிய ஒரு வீட்டு வாசலில், தெருமுனை வரை நீண்ட வரிசையில்தான் இருவரும் முதலில் பேசிக்கொண்டார்கள். இருவரும் நேபாளம், இருவருக்கும் அந்தப் பால்கனி கிடைக்கவில்லை. கடைசியில் சாவித்ரா என்பவள் மொத்தமாக வாடகைக்கு எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடும் இந்த வீட்டில், ஒரு கட்டிலை ஆளுக்குப் பாதி நேரம் என்று பிடித்தார்கள்.

பெமா இருபது வயதுப் பெண். சண்டை போடத் தெரியாது. ரோஜினாவை அக்கா முறை வைத்து தீதி என்பாள். குளிர்காலம் வந்ததும் அவளாக ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். காலையில் எழுந்ததும் போர்வையை உதறி மடிக்காமல், நாலு பக்கமும் இழுத்துச் செருகிவிட்டு வகுப்புக்குப் போவாள்.

"சூடு போகாம மூடி வெச்சிருக்கேன் தீதி. வந்ததும் படுத்துக்கோ."

அந்தச் சூட்டுக்காகவே ரோஜினா சில நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறாள். இப்போது அதே சூடு. அதே செருகல். நாலு பக்கமும்.

அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் அது பயமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கடைசிக் காலையில் அவள் வேலை முடிந்து வந்தபோது பெமா எழுந்திருக்கவில்லை. சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தாள். ரோஜினா தோளில் இரண்டு தட்டு தட்டினாள். கொதித்தது. கை பட்டதுமே தெரிந்தது.

"பெமா, எழுந்திரு. என் நேரம்."

"பத்து நிமிஷம் தீதி."

"கண்ணு சொருகுது எனக்கு. லைப்ரரில ஹீட்டர் போட்டிருப்பான்ல, அங்க போய்த் தூங்கேன்."

பெமா எழுந்தாள். ஷூவை மாட்ட முடியாமல் இரண்டு தடவை கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் போர்வையைச் செருகிவிட்டுத்தான் போனாள். தள்ளிப் படு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒட்டிப் படுத்தால் இரண்டு பேருக்கும் அந்தக் கட்டில் போதும். சொல்லவில்லை. காய்ச்சல் ஒட்டிக்கொண்டால் வேலை போய்விடுமே என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, பெமாவின் காய்ச்சல் காய்ச்சி வைத்த அந்த மெத்தையில் சுகமாகத் தூங்கினாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அப்படி ஒரு தூக்கம் அவள் தூங்கியதே இல்லை.

லைப்ரரியில் பெமா மேஜைமேல் தலை வைத்துப் படுத்திருக்கிறாள். தேர்வு நெருங்கிய சமயம், மேஜைக்கு ஒருவர் அப்படித்தான் கவிழ்ந்து கிடப்பார்கள். பாவம் தூங்கட்டும் என்று யாரும் எழுப்பவில்லை. பூட்டும்போது காவலாளி எழுப்பிப் பார்த்தான். அதற்குள் உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

பெமாவின் அம்மா மலையூரிலிருந்து போனில் கேட்டது ஒன்றுதான். "கடைசியா நல்லாத் தூங்கினாளா தாயி?"

"நல்லாத் தூங்கினாம்மா," என்றாள் ரோஜினா. "நான் எழுப்பவே இல்லை."

அதற்கடுத்த நாள்தான் படுக்கை சூடாக ஆரம்பித்தது.

முதலில் வெறும் உடம்புச் சூடு. பிறகு காய்ச்சல் சூடு. தலையணை உறையில் வியர்வை ஈரம், அதில் பெமா நெற்றியில் தடவும் தைலத்தின் காரமான வாசனை. உறையைத் துவைத்தாள். மெத்தையைத் தனியாளாகப் புரட்டிப் போட்டாள். மறுநாள் புரட்டிய பக்கமும் கொதித்தது. தரையில் துண்டை விரித்துப் படுத்துப் பார்த்தாள். திரை மூடிய அந்தப் பகல் இருட்டில், தெருவில் டிராம் மணி அடித்து ஓய்ந்த இடைவெளியில், தலைக்கு மேலே கட்டில் மெதுவாகக் கிறீச்சிட்டது. யாரோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிற சத்தம்.

சாவித்ராவிடம் சொன்னாள். சாவித்ரா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தீதி, படுக்கை சூடா இருக்கு."

"குளிர்காலத்துல சூடா இருந்தா அதுக்கும் புகாரா? மகாராணிக்கு விசிறி விட ஆள் போடவா?" பிறகு தங்கை முறை சொல்லிக் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு பைனி, எனக்கும் அந்தப் பொண்ண நெனச்சா வயிறு எரியுது. ஆனா பாதிப் படுக்கை சும்மா கெடக்கு. ஞாயித்துக்கெழம ஒருத்தி பாக்க வர்றா. நீ பாட்டுக்கு இதையெல்லாம் அவகிட்ட ஒளறாதே."

ரோஜினா வேறு இடம் தேடினாள். தூக்கம் கெட்டுத் தேடினாள். ஒவ்வொரு வாசலிலும் அதே வரிசை, நிமிர்ந்து பார்க்காமல் பெயர் குறித்துக்கொள்ளும் ஏஜென்ட், அவளுக்கு முன்னே அப்பா அம்மாவைக் கூட்டிவந்திருக்கும் யாரோ. ஒரு நாள் துணிந்து லைப்ரரிக்கே தூங்கப் போனாள். மேஜை மேஜையாகக் கவிழ்ந்த தலைகள். எது மூச்சு விடுகிறது, எது விடவில்லை என்று அவள் கண் தானாகத் தேட ஆரம்பித்தது. ஓடி வந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வேலையிலிருந்து வரும்போதே அவளுக்குப் பல் கிட்டியது. உடம்பு அனலாய்க் கொதித்தது. வீம்பெல்லாம் போயிற்று. நாலு பக்கமும் செருகியிருந்த போர்வையைப் பிய்த்து, உள்ளே நுழைந்து, சுவரைப் பார்த்துச் சுருண்டுகொண்டாள்.

படுத்த பிறகுதான் உறைத்தது. படுக்கை சில்லென்று இருந்தது.

அப்படியென்றால் பெமா எழுந்துவிட்டாள்.

அறையில் தைல வாசனை. கட்டிலுக்குப் பக்கத்தில். மூச்சு சத்தமில்லை. நிற்கிறாள். தன் முறைக்காக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

ரோஜினாவால் திரும்ப முடியவில்லை. கழுத்து அசையவில்லை. வறண்ட நாக்கைப் பிரித்து, அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னாள்.

"வா பெமா. தள்ளிப் படுக்கறேன். வா."

சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

மெத்தை பின்னால் அமிழ்ந்தது.

முதுகில் அனல். முழங்கால் மடிப்பில் ஒரு முழங்கால்.

கதவு திறந்தது. வெளிச்சம் சுவரில் ஒரு கோடாக விழுந்தது. புதுப் பெண்ணின் குரல், சின்னக் குரல். ரோஜினாவுக்கு உயிர் வந்தது. கூப்பிடு. கூப்பிட்டால் போதும். அந்தப் பெண் வந்து தோளில் ஒரு தட்டு தட்டினால் போதும். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.

"சாவித்ரா தீதி," என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள், "உள்ள ரெண்டு பேரு தூங்கறாங்களே."

சமையலறையில் எண்ணெய் பொரிந்தது. "ராப்பூரா வேல பாத்துட்டு வந்தவ," என்றாள் சாவித்ரா அங்கிருந்தே. "நீ இங்க வா, டீ குடி. அப்பறம் பாக்கலாம்."

"ஆமா, பாவம். எழுப்ப வேண்டாம்."

கதவு ஓசைப்படாமல் மூடியது. வெளிச்சக் கோடு சுவரிலிருந்து போயிற்று.

காதுக்குப் பின்னால் சூடாக, "பத்து நிமிஷம் தீதி."

பிறகு ஒரு கை போர்வையை இழுத்து, காலடியில் செருகியது. முதுகுப் பக்கம் செருகியது. சுவர்ப் பக்கம் செருகியது. கடைசியாக, சூடு போகாமல், இருவர் தலைக்கும் மேலே இழுத்து மூடியது.