மூன்றாம் கூவல்

மீன்கள் கரையோடு வந்து நெருக்கியடித்து நின்றன. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கிறிஸ்தோபர் தீனியைக் குளத்தின் நடுவே வீசிப் பார்த்தான். ஒன்றுகூடத் திரும்பவில்லை. கல்லில் உரசிச் செதில் கழன்று, வாய் கிழிந்து இரத்தம் கசிய, எப்படியாவது வெளியே ஏறிவிட வேண்டுமென்பவை போல ஒன்றன்மேல் ஒன்று முண்டிக்கொண்டிருந்தன.

பாலையூற்றுக்கு அப்பால் கைவிடப்பட்டுக் கிடந்த கல்லுடைக்கிற கிடங்கு அது. ஊற்றுநீர் நிறைந்த பள்ளத்தில் மீன்குஞ்சு விட்டு, படி கட்டி, எவரும் தூண்டில் போடலாமென்று பலகையும் நட்டாயிற்று. இன்று காலை திறப்பு. கிறிஸ்தோபர்தான் காவலாளி. முதல் தூண்டில் போட வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குள் அவன் மகள் டிலக்ஷியும் ஒருத்தி.

"முதலைதான் தம்பி," என்றார் முனீப். முன்பு இதே கிடங்கில் வெடி வைத்தவர். பிறகு கடலில் வெடி போட்டு மீன் பிடிக்கப் போய் இடக்கையைப் பறிகொடுத்தவர். "பெரிய சாமான் உள்ளுக்குக் கெடக்கு."

"திறப்பைத் தள்ளிவைக்கச் சொல்லுவம், முனீப் நானா."

"உன்ர கதைய ஆரு கேக்கிற? பந்தலும் போட்டாச்சி. ஒரு வெடி போதும்." மடியிலிருந்து டைனமைட்டை உருவினார்.

"மிச்சக் கையும் போகப்போகுது."

"போனா உன்ர வீட்டதான் சோறு. நீதான் வாயில தீத்தணும்." சிரித்தார். "பத்த வை."

பிள்ளையை நினைத்துக் கிறிஸ்தோபர் தீக்குச்சியைக் கிழித்தான்.

கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. வெடி வைப்பவர் மூன்று தரம் கூவவேண்டும். கீழே நிற்பவர்கள் மேலேறி, "ஏறிட்டம்!" என்று பதில் குரல் கொடுத்த பிறகே திரியில் நெருப்பு. ஒருநாள் முனீப் அந்தப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை; அன்றோடு கிடங்கு கைவிடப்பட்டது. தண்ணீருக்குள் ஆர் இருக்கப்போகிறார்கள்? திரி சீறிக்கொண்டிருக்க, பழக்கதோஷத்தில் முனீப் கூவினார்.

"வெடி! வெடி! வெடி!"

நீருக்கடியிலிருந்து, மூச்சு முட்டிய பல குரல்கள்.

"பொறுங்கோ... இன்னும் ஏறேல்ல..."

முனீபின் உதடு வெளுத்தது. திரியின் நெருப்பு விரலைத் தொட்டது. எறிந்துவிட்டார்.

நிலம் அதிர்ந்தது. சேறும் தண்ணீரும் சதையும் அவர்கள் முகத்தில் வந்து அடித்தன. வெடிமருந்து வாசம். பிறகு, கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வயிறுகள். முதலை மிதக்கவில்லை.

அமைதி.

"வெடி!"

குளத்துக்குள்ளிருந்து வந்தது. முனீபின் குரல். ஆனால் முனீப் வாய் திறக்கவில்லை.

"ஓடு தம்பி..." என்றார் முனீப்.

"வெடி!"

"பொறுங்கோ!" கிறிஸ்தோபர் கத்தினான். "இன்னும் ஏறேல்ல!"

"வெடி!"

வெடித்த சத்தமே இல்லை. முனீபின் நெஞ்சு உள்ளிருந்து பிளந்தது. பாதி படியில். பாதி பலகையில். அந்த ஒற்றைக் கை கிறிஸ்தோபரின் காலடியில் விழுந்து, விரல்களை மடக்கி மடக்கி விரித்தது.

எதிர்க்கரையில் பள்ளிக்கூட வான் வண்டியின் ஹார்ன். பிள்ளைகள் தூண்டில்களோடு கூச்சலிட்டுச் சரிவில் இறங்கினார்கள். முதலில் டிலக்ஷி. முழங்கால் தண்ணீரில்.

"அப்பா! மீனெல்லாம் மிதக்குது!"

"ஏறு பிள்ளை! ஏறு!"

"வெடி!"

இம்முறை கிறிஸ்தோபரின் குரல்.

ஓடினான். இரத்தத்தில் வழுக்கினான். எழுந்தான்.

"வெடி!"

டிலக்ஷி அவனைப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கம், குளத்தின் நடுவைப் பார்த்தாள்.

"அப்பா, அங்க என்ன செய்யிறீங்கள்?" என்றபடி இன்னும் ஓரடி உள்ளே வைத்தாள்.

அவளைச் சுற்றி மிதந்த செத்த மீன்கள் ஒவ்வொன்றாய் நிமிர்ந்தன. அவளைப் பார்த்தபடி, எல்லாம் ஒன்றாக வாயைத் திறந்தன.