கூலிக்கு வந்தனாங்கள்

மூன்று மாதமாக மழை இல்லை. ஆற்றில் மணல்தான் கிடந்தது. ஆனாலும் அந்தப் பழைய அணைப் பக்கமிருந்து, அப்போதுதான் வெட்டிக் குழைத்த களிமண்ணின் ஈர வாசனை வந்தது. பிரதாபன் அதை மூக்கால் வாங்கிக்கொண்டானே தவிர, மூளைக்கு அனுப்பவில்லை. அவனுடைய மூளை அன்று சரித்திரத்தில் இருந்தது.

தர்மபுரத்துக்கு அப்பால், காட்டுக்குள், ஒரு காலத்தில் வன்னி அரசன் ஒருவனின் தலைநகராயிருந்த கோட்டைத்துறையை ஆற்றோரமாக நடந்தே பார்ப்பது என்று கனடாவில், ரொறன்ரோவிலேயே அவன் முடிவு செய்துகொண்டு வந்திருந்தான். தலைநகரில் இப்போது மிஞ்சியிருந்தது படித்துறையில் பாதி, தலையில்லாத தூண் ஒன்று, மாடுகள் முதுகு சொறிகிற மதில், பிறகு அந்த அணை. ஒவ்வொன்றின் முன்னாலும் இடுப்பில் கைவைத்து நின்று, எங்கடை அரண்மனை, எங்கடை ஆக்கள் நீராடின துறை என்று மனைவி பிரேமிளாவுக்கு விளங்கப்படுத்தினான். உண்மையில் அந்த வம்சம் பிரேமிளாவின் அம்மா வழி. பிரதாபனின் தகப்பன் ஓமந்தையில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். சீதனத்தோடு வம்சமும் கை மாறிவிட்டது என்பது அவன் கட்சி. அதைத் திருத்துவதைப் பிரேமிளா விட்டுப் பல வருடம். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஓட்டோக்காரன் நிருஷன் தெருவோடு நின்றுகொண்டான். அணை கட்டின காலத்தில் உடைப்பு அடைபடவில்லையாம். தன் இரத்தத்தில் ஒரு ஆளைக் காவு தருவதாக ஒப்புக்கொண்ட அரசன், கடைசியில் மண் சுமந்த கூலிக்காரரைப் பிடித்து உயிரோடு உடைப்புக்குள் தள்ளி மூடினானாம். வெற்றிலை மென்றபடி இதைச் சொல்லிவிட்டு, ஒரு புத்தியும் சொன்னான்.

“பொழுதுபடேக்குள்ள அணையில ஆரும், நீங்கள் ஆரின்ரை ஆக்கள் எண்டு கேட்டால், கூலிக்கு வந்தனாங்கள் எண்டு சொல்லுங்கோ அண்ணை. இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். வயல் செய்யிற கமக்காரரின்ரை அமைப்புத் தலைவரும் அதைத்தான் சொல்லுறவர்.”

பிரதாபன் சிரித்தான். இரண்டு விமானம் மாறி வந்தது கூலி வேலைக்கா என்று கேட்டான்.

அணையில் ஏறியபோது மருதமரங்களுக்குப் பின்னால் வெயில் சிவந்துகொண்டிருந்தது. எங்கோ மண்ணுக்குள், திமிசுக்கட்டையால் களியை இடித்து இறுக்குகிற சத்தம், மெத்தென்று, அவசரமில்லாமல், ஒரே தாளத்தில் கேட்டது. ஒவ்வொரு இடிக்கும் காலுக்குக் கீழே அணை லேசாக அதிர்ந்தது. மாட்டு மணி இல்லை. பறவை இல்லை. ஈர வாசனை தொண்டைவரை இறங்கி, யாரோ வாய்க்குள் மண்ணை அடைத்ததுபோல இருந்தது.

“திரும்புவம்,” என்றாள் பிரேமிளா.

திரும்பினார்கள். வந்த வழியில் உடைப்பு இருந்தது. அணையின் நடுவே, சற்றுமுன் இல்லாத, ஆளுயர வாய். அதற்கு அந்தப் பக்கம் மணல் இல்லை. கறுத்த தண்ணீர் விளிம்புவரை நின்று தளும்பியது. இரு கரையிலும் ஆட்கள். இடுப்பில் கோவணம். உடம்பெல்லாம் களி. கண் இருக்கவேண்டிய குழியிலும் களி, வாயிலும் களி. வாய் அசையாமல்தான் குரல் வந்தது.

“நீங்கள் ஆரின்ரை ஆக்கள்?”

கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரைக்காரர் கேட்பதுபோல மரியாதையான குரல். ரொறன்ரோவில் மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன் பிரதாபன் பதில் சொல்லிப் பழகிய கேள்வி. நாக்கு, கூலி என்ற சொல்லுக்கு மட்டும் புரள மறுத்தது. பழகிய பக்கமே போயிற்று.

“நாங்கள் இந்தத் துறை அரசன்ரை வம்சம்.”

இடி நின்றது.

ஒரு கை அவன் தலைமயிரைப் பிடித்தது. இன்னொன்று அவன் வலது கையை முதுகுப்பக்கம் முறுக்க, தோள் பச்சைத் தடிபோல முறிந்தது. முகத்தை மண்ணில் அடித்தார்கள். பல் உடைந்து நாக்கில் கிடந்தது. காலைப் பிடித்து உடைப்பை நோக்கி இழுத்தார்கள். அவன் கீறிய இடமெல்லாம் நகம் கழன்று மண்ணில் நின்றது.

பிரேமிளா ஓடவில்லை. அவன் இடது கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். கல்லெடுத்து ஒருவனின் முகத்தில் அடித்தாள். முகம் பிளந்தது. உள்ளேயும் களிதான்.

அவன் கால் தண்ணீரைத் தொட்டது.

“நான் இல்லை,” என்றான் பிரதாபன். “என்ரை அப்பா சங்கக்கடை மனேஜர். இவாதான். இவாதான் அவையின்ரை ஆள்.”

இழுவை நின்றது. பிரேமிளாவின் பிடி மட்டும் அப்படியே இருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், உடைந்த பல்லால் அவள் விரல்களைக் கடித்துக் கழற்றினான்.

அவளை உடைப்பில் நிற்க வைத்தார்கள். துள்ளிய முழங்கால் இரண்டையும் கட்டையால் அடித்து முறித்தார்கள். களி விழுந்தது. இடுப்புவரை. நெஞ்சுவரை. அவனுடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாய்வரை. பிறகு சொல்லவில்லை.

தண்ணீர் இறங்கியது. ஆட்கள் விலகி நின்றார்கள். ஒருவன் திமிசுக்கட்டையைக் கொண்டுவந்து பிரதாபனின் நல்ல கையில் வைத்தான். எல்லோரும் காத்திருந்தார்கள்.

களிக்கு மேலே அவளுடைய உச்சி வகிடு மட்டும் தெரிந்தது. அதைச் சுற்றி மண் மெல்ல ஏறியது, இறங்கியது.

இடித்தான்.

மண் ஏறியது, இறங்கியது.

கட்டையை மறுபடி தூக்கினான்.