குவாரி வளைவில் மணி

பள்ளிப் பேருந்துக்குப் புதிதாக வந்த டிரைவருக்கு முதல் நாளே ஆயாம்மாவைப் பிடிக்காமல் போயிற்று. சாவியைக் கையில் கொடுத்ததும் அவள் சொன்ன பேச்சு அப்படி.

"சாயங்காலம் குவாரி வளைவுல, வண்டிய நிறுத்தச் சொல்லி உள்ள இருக்கிற மணி அடிக்கும் தம்பி. நிறுத்திடாதீங்க."

"யாரு அடிப்பாங்க?"

"பழைய டிரைவர் ஒரு நாளும் நிறுத்தல."

கேட்டதற்கு அது பதில் இல்லை. இந்த வேலைக்கு அவளுடைய மருமகன் நாயாய் அலைவதாக ஷெட்டில் பேச்சு. பயமுறுத்தித் துரத்தப் பார்க்கிறாள் என்று டிரைவர் முடிவு கட்டினார். இந்த வேலையை நம்பித்தான் தன் ஒரே மகளையும் அதே பள்ளியில் சேர்த்திருந்தார். மற்ற பிள்ளைகளை இறக்கிவிடும்வரை அவளும் முன்சீட்டில் அவருடனே வருவாள்.

அன்று மாலை கடைசிப் பிள்ளையும் இறங்கிவிட்டது. வெளியே மழை. வண்டிக்குள் நனைந்த காலுறை நாற்றம். வளைவு வந்ததும் மணி அடித்தது.

ஆயாம்மா அப்போது பின்னால் நின்று, பிள்ளைகள் மறந்துபோன டிபன் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கை பட்டுடுச்சா ஆயாம்மா?"

"நான் தொடவே இல்ல."

சிரித்துக்கொண்டார். மறுநாள் மதியம் யாரிடமும் சொல்லாமல் மணியின் வயரைப் பிடுங்கி எறிந்தார். மாலையில் ஆயாம்மாவைக் கதவருகே தன் கண்பார்வையில் உட்கார வைத்தார். மகள் ஜன்னலில் தலை சாய்த்து அரைத்தூக்கத்தில் இருந்தாள்.

வளைவு வந்தது.

மணி அடித்தது.

அழுத்திய விரலை எடுக்காததுபோல் விடாமல் அடித்தது.

கண்ணாடியில் பார்த்தார். சீட்டுகள் எல்லாம் காலி. கடைசி ஜன்னலில் மட்டும், யாரோ முகத்தை ஒட்டி மூச்சு விட்டதுபோல உள்பக்கம் ஆவி படிந்திருந்தது.

இதுவும் இவள் வேலைதான். வேறு எங்கோ இன்னொரு வயர் வைத்திருக்கிறாள். அவர் பிரேக்கை மிதித்தார்.

"வேணாம் தம்பி," ஆயாம்மா கிசுகிசுத்தாள். "ஒரு பொண்ணு. இங்க இறங்க வேண்டியவ, தூங்கிட்டா. யாரும் பின்னாடி போய்ப் பாக்கல. வண்டிய ஷெட்டுல பூட்டிட்டாங்க. வெயில் காலம்."

"அதான் இப்ப இறக்கி விடுறேனே."

"அவங்க வீட்டாளுங்க ஊரக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. இறக்கி விட்டா எங்க போவா?"

அவர் கதவைத் திறந்தார்.

ஈரக் காற்று உள்ளே வந்தது. ஒரு பிள்ளை குதித்து இறங்கினால் படி எப்படி மேலெழும்புமோ அப்படி எழும்பியது. மணி நின்றது.

ஆயாம்மா தன் வீட்டருகே இறங்கும்போது தூங்கும் அவர் மகளை ஒரு முறை பார்த்தாள். அவ்வளவுதான்.

வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, மகளை எழுப்பிக் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனசு லேசாக இருந்தது. ஒரு பிள்ளையை இறக்கிவிட்டோம், இதில் என்ன தப்பு?

வாசல் கதவு திறந்தே கிடந்தது. செருப்பைக் கழற்றும்போது உள்ளறையிலிருந்து மனைவி தணிந்த குரலில் சொன்னாள்.

"சத்தம் போடாம வாங்க. பாப்பா வந்ததும் போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டா."

மகள் அவர் கையை இறுகப் பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தாள்.