வடக்கு வானத்துப் பூஞ்சணம்

மாரியம்மன் சன்னிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணத் தயார். இதில் ஒரு எழுத்துகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இருட்டியதும் பாண்டித்துரை டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தபோது, மதியம் அவனே துடைத்தெடுத்த பூஞ்சணம் அதே இடத்தில் இருந்தது.

சூரியநெல்லி ரிசார்ட்டுக்கு வருகிறவர்களுக்கு வானம் காட்டுவது அவன் வேலை. வடக்கே, சப்தரிஷி மண்டலத்தை ஒட்டி, மங்கலாக ஒரு கேலக்ஸி உண்டென்று மேனேஜர் சொல்லியிருந்தார். எத்தனை சீசன் தேடியும் அது அகப்படவில்லை. அகப்பட்டது, மலை ஈரத்தில் கண்ணாடியில் பூத்த வெள்ளைப் பூஞ்சணம்தான். அதையே காட்டி, "அம்புட்டும் நட்சத்திரம் சார்" என்று சொல்லிவந்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு.

அன்று பார்க்க வருவதாக இருந்தவள் அவன் மனைவி மூக்கம்மாள். அவளுக்கும் அதையே காட்டக் கூசித்தான் துடைத்து வைத்திருந்தான். தேயிலைக் கொழுந்தெடுத்த கையோடு, கூட வேலை பார்க்கும் நாலு பெண்களையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஊரு சனத்துக்கெல்லாம் காட்டுறீக. கட்டுனவளுக்குக் காட்ட மாட்டீகளோ?"

அவன் இன்னொரு தரம் பார்த்தான். சுற்றிலும் ஒரு நட்சத்திரம்கூட இல்லாத கருப்பு. ஃபேக்டரியிலிருந்து வரும் இலை வாடிய வாசனையும், பள்ளத்திலிருந்து ஏறும் மஞ்சின் குளிரும், தகரத்தில் சொட்டும் பனியின் சத்தமும் ஒவ்வொன்றாய் அடங்கிக்கொண்டே வர, அந்த வெள்ளை இழைகள் மெல்ல, மிக மெல்லச் சுழன்று, அவன் பக்கம் திரும்பின.

எல்லாம் பொய் என்று சொல்லிவிட வேண்டும். நாலு பேர் முன்னால் அவள் முகம் என்னாகும்?

"தள்ளுங்க." அவள் குனிந்தாள்.

மூச்சுச் சத்தம் நின்றது.

"தெரியுதா?"

"ம். அதுக்கும் என்னயத் தெரியுது."

நிமிர்ந்தாள். ஒரு கண்ணில் கருவிழி இல்லை. வெள்ளை இழைகள். சுழன்றன.

"என்னக்கா, நெசமாவே இருக்கா?" என்றாள் பின்னால் ஒருத்தி.

"அடி போடி! எங்க வீட்டுக்காரரு பொய்யா சொல்லுவாரு?"

பாண்டித்துரை தலையைக் குனிந்துகொண்டான். இப்போதாவது சொல்லலாம். ஒரு வார்த்தை.

"அடுத்தாளு வாங்க" என்றான்.

ஒவ்வொருத்தியாகக் குனிந்தார்கள். சிரித்தபடி நிமிர்ந்தார்கள். இருட்டில் அவனைச் சுற்றி ஐந்து வெள்ளைக் கண்கள். ஒரே சீராக. சுழன்றுகொண்டு.

மஞ்சு இறங்குமே என்று மதியம் மாட்டிய டெலஸ்கோப்பின் முன்பக்க மூடியை அவன் கழற்றவே இல்லை.