கிண்ணத்தில் மேய்பவை

ஸ்பிரிட் வாசனை வரவில்லை. கைகளில் ஊற்றித் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்த்தாள். வெறும் குளிர்ச்சிதான். சளி பிடித்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு ஆராய்ச்சியாளரான அவள் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தாள்.

வெளியே பட்டப்பகல். சாயமேற்றிய செல்களின் ஒளி தெரிய வேண்டும் என்பதற்காக ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்த அந்தச் சின்ன அறைக்குள், கேமராவின் விசிறி விடாமல் முனக, திரையின் பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

நுண்ணோக்கிக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணத்தில் இருந்தவை அவளுடைய செல்களே. சோதனைக்குச் செல் கொடுக்க நோயில்லாத ஆள் கிடைக்காமல் வேலை தள்ளிக்கொண்டே போக, பொறுமையிழந்து தன் கைத்தோலில் ஒரு துணுக்கை வெட்டிக் கொடுத்து, அந்தச் செல்களை மாற்றி நரம்புச் செல்களையும் மூளையின் காவல் செல்களையும் வளர்த்திருந்தாள்.

"அக்கா, உங்க மூளையையே விருந்து வைக்கிறீங்களா?" என்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்தபோது இவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

நேற்று அதில் அமிலாய்டு விட்டிருந்தாள். அல்சைமர் வந்த மூளையில் பிசுபிசுவென்று படியும் அதே புரதம். பச்சைப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நரம்புச் செல் இன்னொன்றோடு பேசும் இணைப்பு. நினைவு தங்குவது அங்கேதான். சிவப்பாக ஊர்பவை காவல் செல்கள். குப்பை கூட்டுவது அவற்றின் வேலை. அமிலாய்டு வந்துவிட்டாலோ, நல்ல இணைப்புகள்மீதும் குப்பை என்று முத்திரை விழும். காவல் செல்கள் அவற்றையும் தின்னத் தொடங்கிவிடும்.

ஒரு சிவப்புச் செல் கால் நீட்டியது. ஒரு புள்ளியைத் தடவியது. விழுங்கியது.

போன் அடித்தது. கணவன்.

"நானும் வாலுவும் கீழ வந்துட்டோம். மேல வரட்டுமா?"

"வாலுவா? யாரது?"

"விளையாடுறியா? நம்ம பொண்ணுதான். காலையில பல்லு விழுந்துச்சுன்னு உன்கிட்ட காட்டினாளே!"

சின்ன உள்ளங்கை. அதில் ரத்தம் ஒட்டிய ஒரு பல். ஆமாம், மகள்! போன உயிர் திரும்பி வந்தது. திரையில் இன்னொரு புள்ளி அணைந்தது. உள்ளங்கை அப்படியே இருந்தது. அதில் பல் இல்லை.

மகளை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கிண்ணத்தைப் பார்த்துக் கெஞ்சினாள். கெஞ்சி என்ன பயன்? காவல் செல்களை அடக்கும் மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. நான்கே எட்டு தூரம். ஓடினாள்.

பின்னால் விசிறி முனகியது.

குளிர்பெட்டியைத் திறந்தாள். நீல மூடிக் குப்பி. எடுத்தாள். சீக்கிரம். மகளுக்காக. மகள் முகம்? வட்டமா, நீளமா? கண்? குரல்?

குப்பி கையில் இருந்தது. எதற்கென்று தெரியவில்லை.

குளிர்பெட்டியை மூடினாள். குப்பியை மேசைமேல் வைத்தாள். பயம்கூடப் போய்விட்டது. அதுதான் கொடுமை.

கதவு திறந்தது. வெளிச்சத்தில் ஒரு சிறுமி.

"அம்மா!"

இவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை.

"உங்க அம்மா இங்க இல்லையே கண்ணு. யார் கூட வந்த?"

சிறுமி சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அம்மா, பயமா இருக்கு. அப்படிப் பேசாத."

திரையில் பச்சையே இல்லை. வயிறு முட்டத் தின்ற சிவப்புச் செல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. சிறுமி நின்ற பக்கமாக, எல்லாம் சேர்ந்து, கால் நீட்டின.